வேரிலேயே தடுக்க முடியாதா?

ஐயா,

கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தால் தென்பெண்ணையில் நுரை மலை போல எழும்புகிறது. அந்தத் தண்ணீரைத்தான் வயலுக்குக் கட்டுகிறோம். போன வாரம் மடை திறந்தபோது ஒரு நுரைக்கட்டி நெல் நாற்றின் மேல் படிந்து வெகுநேரம் கரையவே இல்லை. நுரையாவது கண்ணுக்குத் தெரிகிறது, கழிவோடு வரக்கூடிய காட்மியம் என்ற நச்சு உலோகம் தெரியாது. ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசன அரிசியைச் சாப்பிட்டவர்கள் பலருக்கு எலும்பு நொறுங்கியது. காட்மியம்தான் காரணம் என்று 1968-ல் அந்நாட்டு அரசே சொன்னது.

நெல் வேர் மாங்கனீசு என்ற சத்தை உறிஞ்ச உதவும் ஒரு மரபணு உண்டு. அதே வழியில்தான் காட்மியமும் நுழைகிறது. அந்த மரபணுவை முடக்கினால் அரிசியில் காட்மியம் வெகுவாகக் குறைவதை ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். சரி, மாங்கனீசும் குறையுமே? அதையும் சரிபார்த்துத்தான் ரகத்தை வெளியிட வேண்டும். 2025 மே மாதம் மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்ததே, அப்புறம் இதற்கு ஏன் தயக்கம்? பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நம் மண்ணுக்கேற்ற நெல்லிலும் கேழ்வரகிலும் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

இதைக் காரணம் காட்டி ஆற்றில் கழிவு கலப்பதை விட்டுவிடவும் கூடாது. வாய்க்கால் தண்ணீரையும் வயல் மண்ணையும் இந்தப் போகத்திலேயே பரிசோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள்.

ஒரு விவசாயி,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.