தனுஷ்கோடிக்குக் கேமராவோடு வருகிறவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள பயணக் காணொளி நண்பர்களே,

வணக்கம். நீங்கள் வைக்கும் தலைப்புகளைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ‘பாழடைந்த ஊர்’, ‘ஆளில்லாத பேய் நகரம்’, ‘யாரும் வாழ முடியாத மண்’. இவற்றில் முதலாவதை மட்டும் பாதி ஒத்துக்கொள்ளலாம்.

இடிந்து கிடப்பதை மட்டும் நாம் பாழ் என்று சொல்வதில்லை. விளையாத நிலமும் பாழ், ஆள் புழங்காத வீடும் பாழ், ஒன்றுமில்லாத வெறும் வெளியும் பாழ்தான். யாரும் நீர் இறைக்காத கிணற்றைப் பாழுங்கிணறு என்கிறோம். ஆக, ஓர் ஊரைப் பாழ் என்றால், அங்கே மனிதர்களே இல்லை என்றும் சேர்த்துச் சொன்னதாகிவிடுகிறது.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊர் அழிந்தது உண்மை. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. 1914 முதல் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய துறைமுகம் தனுஷ்கோடி. ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம் எல்லாம் போயின. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசும் அறிவித்துவிட்டது.

ஆனால் மீனவர்கள் அந்த மண்ணை விடவில்லை. நீங்கள் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கிறீர்களே, அந்த இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய குடிசைகள் இருக்கின்றன. கரைவலை இழுக்கும்போது ஒரு நாள் நின்று பாருங்கள். இரண்டு வரிசையாக நின்று, குதிகாலை மணலில் புதைத்து, மீன் சேரும் பையான வலையின் மடி கரையேறும்வரை கயிற்றை விடமாட்டார்கள். இருபுறமும் உப்புக்கடல், நடுவில் மணலைக் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அந்த ஊற்றில் பெண்கள் நீர் கலங்காமல் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவார்கள். இந்த ஊற்றைப் பார்த்தவர் யாரும் அந்த ஊரைப் பாழ் என்று சொல்ல மாட்டார்.

2017இல் நிலத்தின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு கூட்டம் பெருகிவிட்டது. சரி, வரட்டும், சின்னச் சின்னக் கடைகளில் வியாபாரமும் நடக்கிறது. ஆனால் அங்கே ஆளே இல்லை என்று நாடு முழுக்க நம்பிவிட்டால், பள்ளிக்கூடமும் மருத்துவரும் வேண்டும் என்று அந்த மீனவர்கள் கேட்பது யார் காதில் விழும்?

இடிபாடுகளைப் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாக எடுங்கள். பவளக்கல் சுவரில் ஏறாதீர்கள், பெயரைக் கீறாதீர்கள், குடிசைக்குள் கேமராவை நீட்டும் முன் வாசலில் கேளுங்கள். அப்புறம், தலைப்பிலுள்ள ‘ஆளில்லாத’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பழைய காணொளிகளிலும் அதை மாற்ற ஒரு நிமிடம் போதும்.

இப்படிக்கு,
ராமேஸ்வரம் தீவுக்காரன்