மாமாவின் இரட்டைக் குழல்

பொள்ளாச்சி
ஞாயிறு

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. மாமா காரியம் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. அத்தையைத் தனியாக விடாதே, ஒரு மாதமாவது உன்னோடு வைத்துக்கொள். இங்கே மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், வீடு கலகலவென்று இருக்கிறது.

அவருடைய துப்பாக்கி விஷயம். பழைய பெட்டியில் 12 என்று போட்டிருப்பதால் 12 போர் (போர் என்பது குழலின் உள் அகல அளவு) தோட்டா வாங்கினால் போதும் என்று எழுதியிருக்கிறாய். அது போதாது சுந்தரம். அவசரப்படாதே.

அப்பா துப்பாக்கி என் கைக்கு வந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். கடையில் 70 மி.மீ. தோட்டா கொடுத்தார்கள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, குழலும் ஒழுங்காக மூடியது. நல்லவேளை, சுடுவதற்கு முன் துப்பாக்கி பழுது பார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். சுட்ட வெற்றுக்கூடு ஒன்றையும் புதுத் தோட்டா ஒன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். வெற்றுக்கூடுதான் உயரம்! 70 என்பது தோட்டாவின் வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். சுடும் முன் வாய் மடிந்திருப்பதால் குட்டையாகத் தெரிகிறது. அப்பா துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையோ 65 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம். சுட்டிருந்தால் அந்த வாய் குழல் குறுகும் இடத்தில் போய் விரிந்து வழியை நெருக்கியிருக்கும், அழுத்தம் எகிறியிருக்கும். தோட்டா உள்ளே போகிறது என்பதை மட்டும் நம்பாதே.

குழலைக் கழற்றி அடிப்பக்கம் பார். எழுத்து தேய்ந்திருந்தால் கொஞ்சம் பவுடர் தடவித் துடை, பள்ளத்தில் தங்கியது வெள்ளையாகத் தெரியும். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1813 முதல் குழல்களைச் சோதித்து முத்திரை குத்துகிறார்கள். கிரீடத்தின் கீழ் என்.பி. என்று இருந்தால் இன்றைய புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது. புகையில்லா வெடிமருந்துக்கான முத்திரை எதுவும் இல்லாத பழைய குழலில் இன்று கடையில் விற்கும் தோட்டாவைப் போடவே கூடாது, அது பழைய கரி வெடிமருந்துக் காலத்ததாக இருக்கலாம். முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ.எல்.ஜி. என்றிருந்தால் பெல்ஜியத்து லியேஜ் சரக்கு.

குழல் மேல் மரத்து வரி போல் சுருள் சுருளாகத் தெரிகிறதா? இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்துச் சேர்த்த டமாஸ்கஸ் குழல் அது. என்னுடையதாக இருந்தால் எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பேனே தவிர சுடமாட்டேன்.

பெட்டியில் மஞ்சள் தோட்டா கலந்திருந்தால் தனியே எடு. இப்போது வழக்கமாக 20 போர்தான் மஞ்சளில் வருகிறது. அது ஒல்லி, 12 போர் குழலுக்குள் நழுவி முன்னால் சிக்கிக்கொள்ளும். காலி என்று நினைத்துப் பின்னாலேயே இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், கை போய்விடும். ஈரத்தில் ஊதிய காகிதத் தோட்டாக்களையும் சுட்டுப் பார்க்காதே.

அப்புறம், லைசென்ஸ் உன் பேருக்கு வரும்வரை துப்பாக்கியையும் தோட்டாக்களையும் வீட்டில் வைக்காதே. போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கு. கொடுக்கும்போதே முத்திரைகளைப் படம் எடுத்து அனுப்பு, பெரியவரிடம் காட்டுகிறேன். அறை அளக்கும் கருவி அவரிடம் இருக்கிறது. லைசென்ஸ் வந்ததும் துப்பாக்கியோடு ஒருமுறை வா, அவரே அளந்து சொல்லட்டும்.

அன்புடன்,
ராமு