ஆண்களுக்கான ஹார்மோன் பேக்கேஜ் நடத்தும் ஆய்வகங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு,

மார்பு பெருத்துவிட்டதே என்று கவலைப்படும் ஆண்களுக்காக விற்கப்படும் பேக்கேஜ்கள் பலவற்றில் டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரஜன் வகை ஹார்மோன்), புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) மூன்றும் இருக்கின்றன. எல்.எச். (விரையைத் தூண்ட மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்), பீட்டா எச்.சி.ஜி. இரண்டும் இருப்பதில்லை. விடுபட்ட இந்த இரண்டும்தான் அடுத்து எங்கே தேட வேண்டும் என்று காட்டுபவை.

டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 220 நானோகிராம் என்று ஒரு ரிப்போர்ட் வருகிறது. குறைவுதான், ஆனால் ஏன் குறைந்தது? பக்கத்தில் எல்.எச். 18 என்று ஏறியிருந்தால் கோளாறு விரையில். குரோமோசோம் சோதனை செய்து 47,எக்ஸ்எக்ஸ்ஒய் (கூடுதலாக ஒரு எக்ஸ் குரோமோசோம்) உள்ளதா என்று பார்க்க வேண்டும். எல்.எச்.சும் 1.5 என்று தாழ்ந்திருந்தால் பிட்யூட்டரி பக்கம் திரும்ப வேண்டும். அங்கேதான் புரோலாக்டினுக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் வேலை. டெஸ்டோஸ்டிரோன், எல்.எச். இரண்டுமே ஏறியிருந்தால் தைராய்டு மிகையாகச் சுரக்கிறதா என்று பார்ப்போம். ஈஸ்ட்ரடையால் ஏறி எல்.எச். இறங்கியிருந்தால் முதலில் விரை ஸ்கேன், அடுத்தது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி. எல்.எச். இல்லாத ரிப்போர்ட்டில் 220 வெறும் 220தான்.

பீட்டா எச்.சி.ஜி. கர்ப்பச் சோதனையில் பார்க்கும் அதே ஹார்மோன். ஆணின் ரத்தத்தில் அது அநேகமாக இருக்கவே கூடாது. சிலவகை விரைப் புற்றுக்கட்டிகள் அதைச் சுரக்கும். அது விரையைத் தூண்டி ஈஸ்ட்ரஜனைக் கூட்டும், மார்பு வீங்கும். விரையில் கைக்குக் கட்டி தட்டுப்படும் முன்பே மார்பு வீக்கம் தெரிந்துவிடுவதுண்டு. அளவு ஏறியிருந்தும் விரை ஸ்கேன் சுத்தமாக இருந்தால் மார்புக்கூட்டையும் வயிற்றையும் ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும்.

இனி பயோட்டின் என்ற பி வைட்டமின். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5,000 முதல் 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கிறது. ஒரு நாள் தேவையோ 30 மைக்ரோகிராம்தான். உங்கள் சோதனைக் கிட்களில் பல, பயோட்டினும் அதோடு இறுக ஒட்டும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் பிணைவதில் இயங்குபவை. அவற்றில் ரத்தத்திலுள்ள உபரி பயோட்டின் இரண்டு பக்கமும் குழப்பும்: டெஸ்டோஸ்டிரோனும் ஈஸ்ட்ரடையாலும் பொய்யாக ஏறும், எல்.எச்., தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச்., எச்.சி.ஜி. பொய்யாக இறங்கும். எச்.சி.ஜி. பொய்யாக இறங்கினால் ஒரு புற்றுக்கட்டி கண்ணில் படாமல் தப்பிவிடும். குறைந்தது 48 மணி நேரம் நிறுத்திவிட்டு வரச் சொல்லுங்கள். வழுக்கைக்கு வைத்தியம் பார்ப்பவர் பயோட்டினோடு ஃபினாஸ்டிரைடும் விழுங்கிக்கொண்டிருக்கலாம். மார்பு வீக்கத்துக்கே அது ஒரு காரணம். ஸ்பைரோனோலாக்டோன், கீட்டோகோனசோல், ரிஸ்பெரிடோன் என்ற மருந்துகளும் அப்படித்தான். மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னாலே சிலருக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஜிம் ஊசிகளைப் பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். தசை வளர்க்கும் அனபாலிக் ஸ்டீராய்டு போட்டவருக்கு எல்.எச். அடிமட்டத்தில் கிடக்கும், பிட்யூட்டரி நோய் என்று ஏமாந்துபோகலாம். ஸ்டீராய்டை நிறுத்தியபின் எச்.சி.ஜி. ஊசி போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அவர்களுடைய ரிப்போர்ட் புற்றுநோய் போலவே பயமுறுத்தும்.

ரத்தம் எடுக்கும் நேரம் காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில். சாப்பிட்டாலும் டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், மாலையிலும் இறங்கும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் மறுபடி எடுத்த பிறகே குறைவு என்று சொல்லலாம். உடல் பருத்தவர்களுக்கு, ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துச் சுமக்கும் புரதமான எஸ்.எச்.பி.ஜி.யும் சேருங்கள். அது தாழ்ந்திருந்தால் மொத்த டெஸ்டோஸ்டிரோனும் தாழ்ந்தே காட்டும், உடலுக்குப் பயன்படும் பங்கு சரியாக இருந்தாலும். ஈஸ்ட்ரடையால் ஆண்களுக்கு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 10 முதல் 40 பிகோகிராம்தான். அவ்வளவு கீழே, ஆன்டிபாடி கொண்டு அளக்கும் சாதாரண இம்யூனோஅஸேயை நம்ப முடியாது. மூலக்கூறின் நிறையை வைத்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி இல்லையென்றால் எந்த முறையில் அளந்தீர்கள் என்பதையாவது ரிப்போர்ட்டில் அச்சிடுங்கள்.

எல்லோருக்கும் இந்த பேக்கேஜ் தேவையுமில்லை. மல்லாந்து படுத்து, கைகளைத் தலைக்குப் பின்னால் வைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரு பக்கமிருந்தும் காம்பை நோக்கி அழுத்திப் பார்த்தால், சுரப்பித் திசு ரப்பர் வில்லை போலத் தடுக்கும். வெறும் கொழுப்பு என்றால் விரல்கள் காம்புவரை தடையில்லாமல் வந்து சேரும். 13, 14 வயதுப் பையன்களுக்கு, வேறு அறிகுறி இல்லையென்றால், பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாக வடிந்துவிடும். ஒரே பக்கம், காம்பிலிருந்து விலகி, கல் மாதிரி கட்டி இருந்தாலோ காம்பில் ரத்தம் கசிந்தாலோ ஹார்மோன் முடிவுக்காகக் காத்திருக்க விடாதீர்கள். அவருக்கு மேமோகிராமும் பயாப்ஸியும்தான் அவசரம்.

பேக்கேஜில் எல்.எச்., பீட்டா எச்.சி.ஜி. இரண்டையும் சேர்க்க வேண்டும். பதிவுப் படிவத்தில் ரத்தம் எடுத்த நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், பயோட்டின், மற்ற மருந்துகள், ஊசிகள் ஆகிய ஐந்துக்கும் இடம் வேண்டும். அவை ரிப்போர்ட்டிலும் அச்சாக வேண்டும். எச்.சி.ஜி. ஏறியிருந்தால் சிவப்பு எழுத்தில் பி.டி.எஃப். அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள்; அன்றே மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஹார்மோன் ரிப்போர்ட்களைப் படித்து விளக்கும் பணியில் இருப்பவர்கள்