புரோக் ரசிகர் மன்றம், பெங்களூரு: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

பேரன்புடையீர், வணக்கம்.

ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரையிலான, புரோகிரசிவ் ராக் எனும் புரோக் இசைக்கான நம் மன்றத்தின் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழுவில் மாற்றமில்லை. மாதாந்திரக் கேட்பு அமர்வுகள் வழக்கம்போல அல்சூர் அறையில் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களைப் பொதுக்குழுவில் வாசிப்பதில்லை என்பது பழைய முடிவு. முடிவும் தொடர்கிறது, பாக்கியும் தொடர்கிறது.

இவ்வாண்டு மன்றத்தின் உழைப்பு பெரும்பாலும் ஒரு விஷயத்துக்கே போனது. வருடக்கணக்காக ஒலித்தட்டில் கேட்ட கலைஞரை நேரில் கேட்கப் போகிற உறுப்பினர், கொடுத்த காசுக்கு முழுக் கச்சேரியையும் காதில் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். 2002 ஏப்ரலில் பிங்க் ஃபிளாய்ட் குழுவில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ் நம் அரண்மனை மைதானத்திலேயே வாசித்தார். ஆனால் எல்லோரும் நம் ஊருக்கு வருவதில்லை. போர்க்குபைன் ட்ரீ குழு 2009 டிசம்பரில் ஐஐடி பம்பாயின் மூட் இண்டிகோ விழாவுக்கு வந்தது; ட்ரீம் தியேட்டர் 2017-இல் மும்பைக்கு வந்தது. மற்றபடி விமானம், விசா, விடுப்பு என்று பெரும் செலவு. இவ்வளவு செலவழித்துப் போய்த் தவறான இடத்தில் நின்றால் டிரம்ஸ் மட்டும்தான் கேட்கும்.

எங்கே நிற்பது

உறுப்பினர்கள் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பதில்: ஒலியைக் கலக்கும் மேசையான மிக்சிங் கன்சோலுக்குச் சற்று முன்னால். ஒலிப் பொறியாளர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் மொத்த ஒலியையும் சமன் செய்கிறார். அவர் கேட்பதே நாமும் கேட்க வேண்டுமானால் அவர் பக்கத்தில் நிற்பதுதான் வழி.

மேடையை ஒட்டிய முதல் வரிசை கலைஞரின் முகம் பார்க்க நல்ல இடம், கேட்க மோசமான இடம். பிரதான ஸ்பீக்கர்கள் உயரத்தில் தொங்குவதால் அவற்றின் ஒலி முன்வரிசையின் தலைக்கு மேலாகப் போய்விடும். மேடை விளிம்பில் வைக்கும் சிறு ஸ்பீக்கர்கள் ஓரளவு ஈடுகட்டும். ஆனாலும் டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்பும் மேடையிலிருந்து நேராகக் காதில் அறைய, குரலும் கீபோர்டும் அடியில் போய்விடும். ராக் அண்ட் ரோலுக்கு இது பாதகமில்லை. மூன்று கீபோர்டு அடுக்குகளும் நான்கு குரல்களும் பின்னிய ஒரு பகுதியை இப்படிக் கேட்டால் பாதி போய்விடும்.

ஓரங்களில் நிற்பவருக்கு ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டுமே கேட்கும். தாழ்ந்த பாஸ் ஒலிக்கான சப்-ஊஃபர்கள் மேடையின் இருபுறமும் வைக்கப்பட்டிருந்தால், இரண்டின் ஒலி அலைகளும் சரியாக நடுக்கோட்டில் ஒன்றுசேர்ந்து அங்கே பாஸ் வீங்கும். பக்கவாட்டில் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு பாஸே காணாமல் போகும். பாஸ் கிட்டார் உருமலாக மட்டும் கேட்டால் இடமோ வலமோ நாலு எட்டு வைத்துப் பாருங்கள், சுருதி தெளியும்.

மைதானக் கச்சேரியில் தூரமும் கணக்கில் வரும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது. மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பத்தில் ஒரு நொடி தாமதம். பின்வரிசை கைதட்டல் முன்வரிசையோடு ஒட்டாமல் இழுபடுவது இதனால்தான், ரசிகர்களின் தாள ஞானத்தைக் குறை சொல்ல வேண்டாம். பின்னால் நிற்பவர்களுக்காக நடு மைதானத்தில் வைக்கும் டிலே கோபுரங்கள் எனும் ஸ்பீக்கர் கோபுரங்களுக்குப் போகும் ஒலியை மின்னணு முறையில் அதே அளவு தாமதப்படுத்தி அனுப்புவார்கள். கோபுரத்துக்கும் மேடைக்கும் இடையே, கோபுரத்தின் முதுகுப்பக்கம் ஒட்டி நின்றால் இரட்டை ஒலி கேட்கும். அந்த இடத்தைத் தவிர்க்கவும்.

நாற்புற ஒலி வைக்கும் கலைஞர்களுக்குக் கணக்கு வேறு. பிங்க் ஃபிளாய்ட் 1967 மே மாதம் லண்டன் குவீன் எலிசபெத் ஹாலில் தொடங்கிவைத்த பழக்கம் இது. போர்க்குபைன் ட்ரீயின் ஸ்டீவன் வில்சனும் தன் சுற்றுப்பயணங்களில் அரங்கின் பின்புறம் ஸ்பீக்கர்கள் வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட அரங்கில் பின்சுவரை ஒட்டிய மலிவு இருக்கை வாங்கினால் பின் ஸ்பீக்கரில் விடும் கடிகார ஓசை, பேச்சுக்குரல் போன்ற விசேஷ ஒலிகள் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். நடு வரிசை, நடு இருக்கை. பால்கனி என்றால் முதல் வரிசை. மேலே கூரை தாழ்ந்திருக்கும் கடைசி வரிசைகள் வேண்டாம்.

காது

85 டெசிபலில் எட்டு மணி நேரம்வரை பாதுகாப்பு என்பது அமெரிக்கத் தொழிலக நல ஆய்வு நிறுவனத்தின் வரையறை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் கால் மணி நேரம். இரண்டரை மணி நேர ராக் கச்சேரி இந்தக் கணக்கில் எங்கே நிற்கும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைப்பஞ்சு அடைப்பான் காதைக் காக்கும், இசையைக் காக்காது. உச்ச அதிர்வெண்களை அதிகமாக வெட்டுவதால் சிம்பலும் குரலின் மெய்யெழுத்துகளும் மங்கி, போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல ஆகும். இசைக்கென்றே வரும் ஃபில்டர் வைத்த சிலிக்கோன் அடைப்பான் எல்லா அதிர்வெண்களையும் ஏறக்குறைய சமமாக, 15 முதல் 20 டெசிபல்வரை குறைக்கும். மன்றம் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்கே தருகிறது.

நுரைப்பஞ்சுதான் கையில் இருக்கிறது என்றால் விரல்களுக்கிடையில் மெல்லிய குச்சியாக உருட்டவும். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே விட்டு, விரிந்து பொருந்தும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்கவும். காதுமடலை இழுக்காமல் வெறுமனே அமுக்குபவர்களுக்குப் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. முதல் பாட்டுக்குப் பிறகு போடலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். உரத்த ஒலிக்குப் பழகிய காது அடைப்பானைப் போட்டதும் எல்லாம் குறைந்துவிட்டதாக நினைத்து உடனே பிடுங்கச் சொல்லும்.

கேட்பு அமர்வுகள்

அமர்வுகளில் இவ்வாண்டு தாளத்துக்குத் தனி நேரம் ஒதுக்கினோம். மிருதங்கம் தெரிந்த உறுப்பினர்கள் நடத்தினார்கள், மற்றவர்கள் தொடை சிவக்கத் தட்டினார்கள். பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ (Money) பாடல் சுற்றுக்கு ஏழு அடி. நமக்கு அது மிச்ர சாபு அளவு, ‘தகிட தகதிமி’ சொல்லிப் பிடித்துக்கொள்ளலாம். கிட்டார் தனி வாசிப்பில் நான்கடிக்கு மாறும் இடத்தில்தான் பலர் இடறுகிறார்கள். ஜெத்ரோ டல் குழுவின் ‘லிவிங் இன் தி பாஸ்ட்’ ஐந்தடி. ஏழடியில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கைதட்டினால் முதல் சுற்றில் 2, 4, 6-இல் விழும். அடுத்த சுற்றில் 1, 3, 5, 7-க்குத் தாவிவிடும். அரங்கில் பக்கத்திலிருப்பவர் முறைப்பதற்கு இதுவே காரணம். தெரியாத தாளத்துக்குக் கையைக் கட்டிக்கொண்டு கேட்பது நாகரிகம்.

மெலோட்ரான் என்ற பழைய நாடாக் கீபோர்டு பற்றிய அமர்வு நல்ல வரவேற்பைப் பெற்றது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு காந்த நாடாத் துண்டு, அதில் சுமார் எட்டு நொடிக்கு மட்டுமே ஒலிப்பதிவு. கட்டையை விட்டதும் ஸ்பிரிங் நாடாவை ஆரம்பத்துக்கு இழுத்துக்கொள்ளும். எழுபதுகளின் பாடல்களில் வயலின் கூட்டம் எட்டு நொடிக்குள் சுரம் மாறிவிடும் ரகசியம் அதுதான். இன்று சுற்றுப்பயணங்களில் பெரும்பாலும் அதன் டிஜிட்டல் பதிவைத்தான் கொண்டுபோகிறார்கள். நாடா இயந்திரம் சூட்டிலும் ஈரத்திலும் சுருதி பிசகும். ஏற்றி இறக்கவும் ஆள் வேண்டும்.

பயணமும் விசாவும்

மும்பைக்கு உத்யான் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 24 மணி நேரம் எடுக்கிறது. இரவு கிளம்பினால் மறுநாள் இரவுதான் இறங்குவீர்கள். கச்சேரிக்கு முந்தைய நாள் கிளம்பினால் கச்சேரி முடிந்த பிறகு போய்ச் சேரலாம். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்குள்தான் திறக்கிறது, கச்சேரிச் சீட்டோ பல மாதம் முன்பே விற்றுத் தீரும். சீட்டு வாங்கிய அன்றே முன்பதிவு திறக்கும் தேதியைக் குறித்துவைக்கவும்.

2025 மார்ச் 14-இல் வெளியான ஸ்டீவன் வில்சனின் ‘தி ஓவர்வியூ’ சுற்றுக்காக உறுப்பினர்கள் சிலர் ஐரோப்பா சென்றார்கள். கச்சேரிகள் மே மாதத்தில் என்றாலும் ஏற்பாடுகள் அனைத்தும் இந்த அறிக்கை ஆண்டிலேயே நடந்தன. அந்தத் தொகுப்பில் இருப்பதே இரண்டு பாடல்கள்தான், ஒன்று 23 நிமிடம், மற்றது 18. தொகுப்பு முழுவதையும் முதல் பாதியிலேயே வாசித்தார்கள். பத்து நிமிடம் தாமதமாக நுழைந்தால் ‘ஒரு பாட்டுதானே போனது’ என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள வழியில்லை.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்கே விண்ணப்பம் போக வேண்டும், எல்லா நாட்டிலும் சம நாட்கள் என்றால் முதலில் இறங்கும் நாட்டுக்கு. எங்கே அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதோ அங்கே போடுவது நிராகரிப்பை அழைப்பது. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் வங்கிக் கணக்கில் திடீரென்று பெருந்தொகை சேர்ப்பதும் அப்படியே.

லண்டனுக்கு ஷெங்கன் செல்லாது. தனி விசா, கட்டணம் 2025 ஏப்ரலில் 115 பவுண்டிலிருந்து 127 ஆனது. லண்டனும் ஆம்ஸ்டர்டாமும் ஒரே பயணத்தில் என்றால் ஒன்று முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகே அடுத்ததைத் தொட முடியும் என்று வைத்துக்கொண்டு நாள் கணக்குப் போடவும்.

உள்ளூரும் கேமராவும்

ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்துக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. எனவே பிரதான கலைஞர் எட்டு மணிக்கு முன்னரே மேடையேற வாய்ப்பு அதிகம். மேக்ரி சர்க்கிள் நெரிசலைச் சாக்குச் சொல்வதில் பயனில்லை. மழை மாதங்களில் குடையை வாசலில் வாங்கிவைத்துவிடுவார்கள், ரெயின்கோட் எடுத்துச் செல்லவும்.

கைப்பேசி குறித்து மன்றத்தின் நிலைப்பாடு கிங் கிரிம்சன் குழுவின் நிலைப்பாடுதான். 2014-க்குப் பிந்தைய அவர்களது கச்சேரிகளில் படமெடுக்கத் தடை இருந்தது. கடைசியில் அக்குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர் டோனி லெவின் தன் கேமராவைத் தூக்கும்போது மட்டும் ரசிகர்களும் தூக்க முடிந்தது. ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சனும் கச்சேரி நடுவே படமெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்பவர். விதி தெரியாமல் போய் வெளியேற்றப்பட்டால் மன்றம் பரிந்து பேசாது.

வரும் ஆண்டுக்கான தீர்மானங்கள்: அறையைச் சுற்றி வைக்க ஒரே வகை ஸ்பீக்கர்கள் வாங்கி, கிரிம்சன், டல், யெஸ் குழுக்களின் தொகுப்புகளுக்கு வில்சன் செய்த 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்-ஊஃபரும்) மறுகலவைகளைக் கேட்க ஏற்பாடு. அடைப்பான் இருப்பைப் புதுப்பித்தல். விசா ஆவணப் பட்டியலைத் திருத்தி அச்சிடுதல். ஸ்பீக்கர் விலைப்புள்ளிகள் மேசையில் உள்ளன. பொதுக்குழு விவாதித்து ஒப்புதல் அளிக்கக் கோருகிறேன். அடுத்துப் பொருளாளர் கணக்கை வாசிப்பார்.

செயலாளர்