தலை துண்டிக்கப்பட்டது எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

அல்ஜீரியாவின் திபிரின் மடத்துத் துறவிகள் எழுவரும் 'தலை வெட்டிக் கொல்லப்பட்டனர்' என்று உங்கள் கட்டுரையில் வந்திருக்கிறது. வழக்கின் சிக்கலே இந்த மூன்று சொற்களில்தான் இருக்கிறது.

1996 மார்ச் 26-27 இரவில் மெதேயாவுக்கு அருகிலுள்ள அந்த டிராப்பிஸ்ட் (கத்தோலிக்கத் துறவற சபை) மடத்தில் ஒன்பது துறவிகள் இருந்தார்கள். இருவர் ஆயுததாரிகளின் கண்ணில் படாமல் தப்பினர். மற்ற எழுவரும் கடத்தப்பட்டனர். அல்ஜீரிய அரசை எதிர்த்துப் போரிட்ட ஆயுத இஸ்லாமியக் குழுவின் 43-ஆம் அறிக்கை, சிறையிலுள்ள தம் ஆட்களை விடுவிக்கக் கேட்டது. மே 21 தேதியிட்ட 44-ஆம் அறிக்கை, கழுத்தை அறுத்தாயிற்று என்றது. மே 30-இல் கிடைத்ததாகச் சொல்லப்பட்டவை 'சடலங்கள்'. டிராப்பிஸ்ட் சபையின் சார்பில் சென்ற அருட்தந்தை அர்மாண்ட் வெய்யே சவப்பெட்டிகளைத் திறந்தே ஆகவேண்டும் என்று நின்ற பிறகுதான், உள்ளே தலைகள் மட்டுமே இருப்பது தெரிந்தது. உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை.

2014 அக்டோபரில் பிரெஞ்சு நீதிபதி மார்க் திரெவிதிக் முன்னிலையில் கல்லறைகள் தோண்டப்பட்டன. எடுத்த மாதிரிகளைப் பிரான்ஸுக்குக் கொண்டுபோக அனுமதியில்லை. அவை 2016-இல்தான் பிரான்ஸின் கைக்கு வந்தன. இடையில், 2015-இல், தோண்டும்போது பார்த்ததை வைத்து நிபுணர்கள் சொன்னது இரண்டு: தலைகள் வெட்டப்பட்டது இறந்த பிறகு, இறப்பு ஏப்ரல் 25-27 வாக்கில் நடந்திருக்கலாம். அப்படியானால் 44-ஆம் அறிக்கையின் தேதி இறப்புக்கு மூன்று வாரத்துக்கும் மேல் பிந்தியது.

இதை வைத்து அல்ஜீரிய ராணுவம்தான் கொன்றது என்று தீர்ப்பு எழுதுவதும் அவசரம். ராணுவ ஹெலிகாப்டர் தவறுதலாகச் சுட்டதில் இறந்தார்கள் என 2009-இல் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஜெனரல் பிரான்சுவா புஷ்வால்டர் சாட்சியம் சொன்னார். அவரும் பிறர் சொல்லக் கேட்டவர்தான். குண்டு பாய்ந்திருந்தால் பெரும்பாலும் அதன் தடம் உடலில் இருக்கும். உடல் இல்லாதவரை அந்தச் சாட்சியத்தை உறுதிசெய்யவும் முடியாது, தள்ளவும் முடியாது. அல்ஜீரியாவுக்குள்ளிருந்து சாட்சி கிடைப்பதும் எளிதல்ல. அந்நாட்டின் 2006-ஆம் ஆண்டு அவசரச் சட்டம், 46-ஆம் பிரிவு, 'தேசியத் துயர'த்தை (1990-களின் உள்நாட்டுப் போரை) காட்டி அரசு நிறுவனங்களையோ அரசின் பணியாளர்களையோ களங்கப்படுத்துபவருக்கு மூன்று முதல் ஐந்தாண்டு சிறை என்கிறது.

ஆகவே அந்த வரியை, 'கொல்லப்பட்டனர். தலைகள் மட்டுமே கிடைத்தன' என்று திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள்