உலகக் கோப்பைக்கு முன்பே ஒரு பக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏற்காட்டுக்கு உங்கள் பேப்பர் சேலத்திலிருந்து பஸ்ஸில், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறித்தான் வருகிறது. கடைக்காரர் கட்டைப் பிரித்து முடிப்பதற்குள் ஒன்றை உருவிக்கொண்டு நேராக விளையாட்டுப் பக்கத்துக்குப் போகிற ஆள் நான். ஜூன் 11-ல் உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்குகிறது, நானும் தினம் உருவுகிறேன், பக்கம் முழுக்க ஐபிஎல்தான். கிரிக்கெட் மேல் கோபமில்லை, எங்கள் சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் போட்டால் நானும் விசில் அடிப்பேன். ஆனால் 48 நாடுகள், 104 ஆட்டங்கள், இவ்வளவு பெரிய உலகக் கோப்பை இதுவரை நடந்ததே இல்லை, அதற்கு மூலையில் நாலு வரி என்றால் எப்படி?

ஸ்கோர் போடச் சொல்லவில்லை. மெக்சிகோவில் பகல் 1 மணிக்குத் தொடங்கும் முதல் ஆட்டம் நமக்கு நள்ளிரவு 12:30. சில ஆட்டங்கள் நம் காலை டிபன் நேரத்தில்தான் நடக்கும். மலைக்கு வருகிற பேப்பர் அதற்குள் அச்சாகி பஸ் ஏறியிருக்கும். ஸ்கோரை செல்போன் சொல்லிவிடும், அதோடு நீங்கள் மல்லுக்கட்ட முடியாது. ஆட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து படிக்கிற சங்கதிதான் பேப்பருக்கு மிச்சம், அதையாவது கொடுங்கள்.

முதலில் தேதி. இதில் நான் அடிபட்டவன். 2014-ல் பிரேசில் – ஜெர்மனி அரையிறுதிக்கு ஒரு பத்திரிகையில் (உங்களுடையது இல்லை) 'ஜூலை 8, நள்ளிரவு 1:30' என்று போட்டிருந்தார்கள். நானும் 7-ம் தேதி ராத்திரி படுக்காமல் ஸ்வெட்டர், மங்கி குல்லா, பிளாஸ்க் நிறைய கடுங்காப்பி என்று டிவி முன்னால் உட்கார்ந்தால் ஏதோ பழைய ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. மறுநாள் ராத்திரி, அதாவது நிஜமான ஆட்டத்தன்று, அடித்துப் போட்டது போலத் தூங்கிவிட்டேன். காலையில் பால்காரர்தான் "ஏழு கோலாமே சார்" என்றார். 23-வது நிமிஷத்திலிருந்து 29-க்குள் நாலு கோல், பிரேசிலுக்கு அதன் சொந்த மண்ணிலேயே 7-1, நான் கம்பளிக்குள். அதனால் அந்த ஊர்த் தேதியை அப்படியே போடாதீர்கள். 'வியாழன் இரவு, விடிந்தால் வெள்ளி' என்று நம் ஊர்க் கணக்கில் போட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

அப்புறம் பெயர்கள். குராசோ என்று ஒரு நாடு முதல்முறையாக வருகிறது. அதை ஒரு நாள் குராக்கோ என்கிறார்கள், ஒரு நாள் கியூரசாவோ. ஏதாவது ஒன்றை முடிவு பண்ணி கடைசி வரை அதையே எழுதுங்கள். "தாத்தா, அது எங்க இருக்கு?" என்று பேத்தி கேட்டதும் பழைய அட்லஸை எடுத்து லென்ஸ் வைத்துத் தேடினேன். வெனிசுலாவுக்கு மேலே கடலில் கடுகு மாதிரி ஒரு புள்ளி. மொத்த ஜனமே ஒன்றரை லட்சம் சுமாருக்குத்தான், நம் சேலம் மாநகராட்சியிலேயே 2011 கணக்குப்படி 8 லட்சத்துக்கு மேல். உலகக் கோப்பைக்கு வந்த நாடுகளிலேயே ஆள் குறைந்தது இதுதான். இதற்கு ஒரு வரைபடமும் பத்து வரியும் போட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடப் படிக்கும். கேப் வெர்டே, ஜோர்டான், உஸ்பெகிஸ்தான் மூன்றும் இந்த முறைதான் முதல்தடவையாக வருகின்றன.

முதல் ஆட்டம் மெக்சிகோவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும், நடப்பது அஸ்டெக்காவில். 1970-ல் பெலேயும் 1986-ல் மரடோனாவும் கோப்பை வாங்கிய மைதானம். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர், ஏற்காடே 1,500-தான். காற்று லேசாக இருப்பதால் பந்து வேகமாகப் பறக்கும், வெளியூர்க்காரனுக்கு மூச்சு வாங்கும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், கீழேயிருந்து வருகிற சேலத்து டீம் இருபது நிமிஷத்தில் இடுப்பில் கை வைத்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். (எங்கள் கோல்கீப்பர் ஓங்கி உதைத்தால் பந்து சில்வர் ஓக் மரங்களைத் தாண்டிக் காபித் தோட்டத்தில் விழும், தேடப் போகிறவன் வேறு மூச்சு வாங்குவான்.) இதையெல்லாம் எழுதுங்கள்.

இந்தியாதான் இல்லையே என்பார்கள். சரி, இல்லைதான். அதற்காக, வெறுங்காலோடு ஆட விடாததால்தான் 1950-ல் நாம் பிரேசிலுக்குப் போகவில்லை என்ற பழைய கதையைத் தூசி தட்டி மறுபடி போட்டுவிடாதீர்கள், கோடி புண்ணியம். நெடுந்தூரப் பயணம், ஒலிம்பிக்ஸ்தான் பெரிது என்று நம்மவர்கள் அன்றைக்கு நினைத்தது, இப்படிக் காரணங்கள் வேறு.

நான் நாற்பது பக்க நோட்டில் ஸ்கேல் வைத்து 12 பிரிவுக்கும் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடம், அதற்கு மேல் மூன்றாம் இடத்து அணிகளில் சிறந்த 8, ஆக 32 அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும். அந்த 8-க்கு எப்படிக் கட்டம் போடுவது என்று இரண்டு நாளாக அழித்து அழித்து நோட்டில் ஓட்டை விழுந்துவிட்டது. நீங்கள் முழுப்பக்க அட்டவணை ஒன்று, பேனாவால் எழுத இடம் விட்டு, பின்பக்கம் கண்டிப்பாக விளம்பரம் மட்டும் வைத்து (வெட்டி ஒட்ட வேண்டாமா?) 10-ம் தேதிக்குள் போட்டால் இங்கே பேப்பர் கடையில் அன்றைக்கு நாலு பிரதி கூடவே போகும். அதில் இரண்டு எனக்கு. ஒன்று சுவருக்கு, ஒன்று நான் தப்பாக எழுதிக் கெடுப்பதற்கு.

இப்படிக்கு,
கால்பந்துப் பைத்தியம் ஒருவன்,
ஏற்காடு.