செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நம் தெப்பக்குள நடைப்பயிற்சிச் சங்கத்தின் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தி அறிக்கையைத் தொடங்குகிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயற்குழு மாதந்தோறும் கூடியது. தைத் தெப்பத் திருவிழாவை ஒட்டிய நாட்களில் குளக்கரையில் கால் வைக்க இடமில்லாததால் வழக்கம்போல நம் நடைப்பயிற்சி நிறுத்தப்பட்டது. இவை தவிர, ஆண்டு முழுவதும் செயற்குழுவில் அதிகம் பேசப்பட்டது ஒரே விஷயம்தான்: வருகைப் பரிசு.

நடைக்கு வந்ததும் போடும் வருகை நோட்டில் அதிகக் கையெழுத்து போட்டவருக்கு எவர்சில்வர் தூக்குவாளி கொடுப்பது நம் வழக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஊரெங்கும் காய்ச்சல் பரவிய நேரத்தில், மப்ளர் சுற்றி, கண் சிவந்து, இருமிக்கொண்டே வந்து கையெழுத்து போட்டவர்களைப் பார்த்தோம். “ஒரு நாள் விட்டா வாளி போயிரும் சார்” என்று ஒருவர் சிரித்தார். அவரோடு சேர்ந்து நடந்தவர்களில் சிலர் அடுத்த வாரம் வரவில்லை. காரணம் இதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. சந்தேகம் மட்டும் எனக்கு இன்றும் உண்டு.

இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளத்தான், அரசு மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவரைப் பேச அழைத்தோம். அவர் பேச எழுந்ததுமே மகளிர் பக்கமிருந்து கேள்வி வந்தது. “இத்தனை வருசமா நடக்குறேன் டாக்டர், எனக்கு ஏன் கொரோனா வந்துச்சு? நடக்காத எங்க வீட்டுக்காரருக்கு வரவேயில்லையே?”

மருத்துவர் சொன்ன பதில்: நடந்தால் வைரஸ் மூக்குக்குள் நுழையாது என்று யாரும் சொல்லவில்லை. நுழைந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்கு நோய் முற்றுமா என்பதில்தான் நடை தன் வேலையைக் காட்டுகிறது. தெற்கு கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பு செய்த ஆய்வை எடுத்துக்காட்டினார். அங்கே நோயாளி எதற்காக வந்தாலும், ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல, “வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நிமிடம் உடற்பயிற்சி?” என்று கேட்டுப் பதிவு செய்வது கொரோனாவுக்கு முன்பிருந்தே வழக்கம். 2020 ஜனவரி முதல் அக்டோபர் வரை, அதாவது தடுப்பூசி வருவதற்கு முன், அங்கே கொரோனா கண்ட 48,440 பேரின் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். வாரம் 150 நிமிடமாவது தொடர்ந்து பயிற்சி செய்து வந்தவர்களோடு ஒப்பிட்டால், வாரம் பத்து நிமிடம்கூட அசையாதவர்கள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 2.26 மடங்கு, இறக்கும் வாய்ப்பு 2.49 மடங்கு. வயது, சர்க்கரை, உடல் எடை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு வந்த எண்கள் இவை.

அவரே எச்சரிக்கையும் செய்தார். நிமிடக் கணக்கு நோயாளிகள் வாய்மொழியாகச் சொன்னது. ஏற்கெனவே உடம்பு முடியாதவர்தான் நடக்காமலும் இருப்பார். ஆகவே எல்லாப் பெருமையையும் நடைக்கே கொடுத்துவிடக் கூடாது என்றார். ஆனாலும் தொப்பைக்குள் தேங்கும் கொழுப்பு குறைவது, இன்சுலின் ஒழுங்காக வேலை செய்வது, ஒவ்வொரு நடையின்போதும் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் ரத்தத்தில் சுறுசுறுப்பாகச் சுற்றி வருவது என்று காரணங்கள் வலுவாகவே இருக்கின்றன. 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவும்கூட. நம் குளத்தைச் சுற்றினால் சுமார் 1.2 கிலோமீட்டர். கொஞ்சம் வேகமாக இரண்டு சுற்று வந்தால் அரை மணி நேரம். அப்படி வாரம் ஐந்து நாள் வந்தால் கணக்கு சரியாகிவிடுகிறது. வடகரைத் திண்ணையில் உட்கார்ந்து அரசியல் பேசும் நேரம் இதில் சேராது என்பதையும் சபையில் பதிவு செய்கிறேன்.

அரை மராத்தான் ஓடக் கிளம்பிய நம் இளைஞர்களுக்கு அவர் வேறொரு கணக்கு சொன்னார். 1987 லாஸ் ஏஞ்சல்ஸ் மராத்தானில் ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த வாரம் சளி, காய்ச்சல் என்று படுத்தார்கள். பயிற்சி எடுத்தும் அன்று ஓடாமல் இருந்த வீரர்களில் அது 2.2 சதவீதம்தான். கூட்டம், பயணம், தூக்கக்கேடு ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு என்று பின்னாளில் வாதம் எழுந்தது. எப்படியானாலும், ஓடி முடித்த கையோடு கூட்டமான கல்யாண வீட்டுக்குப் போகாதீர்கள் என்றார்.

தடுப்பூசி பற்றியும் பேச்சு வந்தது. “நடக்கிறவனுக்கு ஊசி எதற்கு?” என்பவர்கள் நம்மிடையே உண்டு. தென்னாப்பிரிக்காவில் கொரோனா ஊசி போட்டுக்கொண்ட சுகாதாரப் பணியாளர்களிடையே, மருத்துவமனையில் சேராமல் காக்கும் திறன் குறைவாக அசைபவர்களுக்கு 60 சதவீதமாகவும் நன்றாகப் பயிற்சி செய்பவர்களுக்கு சுமார் 86 சதவீதமாகவும் இருந்திருக்கிறது. ஊசியும் நடையும் ஒன்றுக்கொன்று துணை. அந்தக் கூட்டத்துக்குப் பின் மூத்த உறுப்பினர்கள் சிலர் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டார்கள். வாசலில் ‘எதிர்ப்பு சக்தி’ என்று போர்டு மாட்டி அருகம்புல் சாறு விற்கும் தம்பிக்கு இதில் வருத்தம் இருக்கலாம். சாறு குடிக்க வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை.

டெங்கு வேறு கதை. கொசுக்கடிக்கு நடை எந்தத் தடையும் இல்லை. போதாக்குறைக்கு, ஏடிஸ் கொசு அதிகம் கடிப்பது விடிந்த பிறகும் பொழுது சாய்வதற்கு முன்னும், அதாவது நம் நடை நேரத்தில். அது தெப்பக்குளத்துப் பெருநீரில் முட்டையிடுவதில்லை. நாம் குடித்து எறிந்த இளநீர்க் கூட்டிலும் பேப்பர் கப்பிலும் தேங்கும் மழைத்தண்ணீரே அதற்குப் போதும். எனவே சனிக்கிழமைதோறும் நடை முடிந்ததும் சாக்குப்பையோடு ஒரு சுற்று வருகிறோம். இதற்கு வருபவர்கள் குறைவு. பெயர்களை வாசிக்கவில்லை, அவர்களுக்குத் தெரியும்.

இனி விதித் திருத்தம். மருத்துவரின் ஆலோசனைப்படி செயற்குழு ஒரு வரம்பு வகுத்தது. காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச்சளி, மூச்சிரைப்பு இருந்தால் நடைக்கு வரக் கூடாது. வைரஸ் காய்ச்சலோடு உடம்பை வருத்தினால், சிலருக்கு இதயத் தசையிலேயே அழற்சி ஏற்பட்டு ஆபத்தாக முடியும். வெறும் மூக்கொழுகல் என்றால் மெதுவாக நடக்கலாம், ஆனால் தனியாக. காய்ச்சல் விட்ட பிறகும் சில நாள் ஓய்வெடுத்து, ஒரு சுற்றில் தொடங்க வேண்டும். நெஞ்சு வலியோ படபடப்போ தெரிந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதற்கேற்ப வருகைப் பரிசு நிறுத்தப்படுகிறது. வாரம் ஐந்து நாள் வந்தவர் அனைவருக்கும் சான்றிதழ் உண்டு. காய்ச்சலில் படுத்தவர் போனில் சொன்னால் நோட்டில் ‘கா.வி.’, அதாவது காய்ச்சல் விடுப்பு, என்று குறிக்கப்படும். அதுவும் வருகையாகவே கொள்ளப்படும். சோதனை முறையில் நடைமுறைப்படுத்தியதில், மழை பெய்த நாட்களில் கா.வி. சற்றே கூடியிருப்பதை நோட்டு காட்டுகிறது. அதை விசாரிக்கச் செயற்குழு விரும்பவில்லை.

வாங்கி வைத்த தூக்குவாளி ஒன்று மீதமிருக்கிறது. அதைச் சனிக்கிழமைத் துப்புரவுக் குழுவின் மோர் விநியோகத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

இவ்வறிக்கையை ஏற்று, விதித் திருத்தத்துக்கு ஒப்புதல் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்